முள்ளுப் பாத்தாச்சோ?

1

மெற்றில்டாவின் குரல் செய்தியை நான் கேட்டது தொழிற்சாலையின் உடைமாற்றும் அறையில். ஒரு காலில் றப்பர் பூட்ஸ், மறு காலில் வெறும் காலுறை.

"எடியே, சுகமா இருக்கிறியே? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய நேர்சரியில பெற்றார் கூட்டம். போன முறை என்னைப் பிடிச்சுக் கடிச்சுப்போட்டினம். மூண்டு வயசுப் பிள்ளைக்கு ஏன் வீட்டுப்பாடம் குடுக்கிறேல்லை எண்டு கேக்கினம். பிள்ளையளை மண்ணுக்கையும் தண்ணிக்கையும் விட்டுப்போட்டு ரீச்சர் பாத்துக்கொண்டு நிக்கிறாவாம். நான் சொன்னா ஆர் கேக்கிறது? நீ ரெண்டு பக்கம் எழுதி அனுப்பு, வாசிச்சுக் காட்டுறன். வெளிநாட்டுக் காகிதம் எண்டாக் கேப்பினம். ஆனா ஒண்டு, உன்ர லிஸ்ற் ஒண்டும் வேண்டாம். கதையா எழுது."

மெற்றில்டாவும் நானும் மன்னார்க் கரையில் உள்ள வங்காலையில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவள் இன்று அங்கே முன்பள்ளி ஆசிரியை. நான் நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு சிறிய நகரத்தில், சால்மன் மீனை வெட்டிப் பொதி செய்யும் தொழிற்சாலையில் இயந்திரத் தொழில்நுட்பவியலாளர். வந்து ஏழு வருடமாகிறது. கணவர் அன்ரன் அதே கரையில் அரிப்பு என்ற ஊரைச் சேர்ந்தவர். இங்கே பஸ் ஓட்டுகிறார். மகள் ஜெமிக்குப் போன மாதம் ஐந்து வயது.

பட்டியல் வேண்டாம் என்கிறாள். ஆனால் சொல்ல வேண்டிய கதை ஒரு பட்டியலில்தான் தொடங்குகிறது. வங்காலைப் பெற்றாரே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

இங்கே பிள்ளைகள் ஒரு வயதிலேயே பாலர் பாடசாலைக்குப் போய்விடுவார்கள். நாங்கள் ஜெமியை நான்கு வயது நெருங்கும்வரை வீட்டில் வைத்திருந்தோம். நான் காலை வேலை, அன்ரன் மாலை வேலை. யாராவது ஒருவர் அவளோடு இருந்தோம். அந்த வருடங்களில் அவளுக்கு என்னென்ன படிப்பித்தோம் என்பதை ஒரு தாளில் அச்சடித்து, முதல் நாளே பொறுப்பாசிரியை இங்கரிடம் கொடுத்தேன்.

அ. தமிழ் உயிரெழுத்துப் பன்னிரண்டும் சொல்வாள், ஏழு எழுதுவாள்.
ஆ. இரண்டு மொழியில் நூறு வரை எண்ணுவாள்.
இ. நிறங்கள் பத்து, வடிவங்கள் ஆறு.
ஈ. 'அருள் நிறைந்த மரியே' முழுவதும் பிழையின்றிச் சொல்வாள்.
உ. எங்கள் முகவரியும் தொலைபேசி எண்ணும் மனப்பாடம்.

இங்கருக்கு ஐம்பது வயதிருக்கும். எப்போதும் முழங்காலில் ஈர மண். அவர் என் தாளை மரியாதையோடு கடைசி வரி வரை வாசித்தார். பிறகு கேட்டார்.

"மழைச்சட்டை தானாகப் போடுவாளா?"

"உதவி செய்தால் போடுவாள்."

"தானாகச் சாப்பிடுவாளா?"

"ஓம்" என்றேன்.

பொய் சொல்ல நினைக்கவில்லை. நான்கு வயதுப் பிள்ளை சாப்பிடாதா என்ற எண்ணத்தில் வந்த பதில் அது.

3

இங்கே பாலர் பாடசாலையிலிருந்து ஒவ்வொரு மாலையும் கைத்தொலைபேசிக்குக் குறிப்பு வரும். முதல் மூன்று கிழமையும் ஜெமியின் குறிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். "ஜெமி மழையில் குளம் வெட்டினாள். ஜெமி எல்லோருக்கும் பாட்டுப் பாடினாள். ஜெமி சாப்பிடவில்லை."

நான் மீன் பொரியலோடு கட்டிக் கொடுத்த பிட்டில் நான்கு வாய் குறைந்திருக்கும். பாடசாலையில் சமைக்கும் நாட்களில் அதுவும் இல்லை. அவர்கள் அடிக்கடி செய்வது மீனை அரைத்துத் தட்டிப் பொரித்த ஒரு வடை. ஜெமி அதைப் பொடிப்பொடியாக உதிர்ப்பாள், வாயில் வைக்கமாட்டாள். பின்னேரம் பஸ்ஸில் பசி மயக்கத்தில் என் மடியில் தூங்கி, வீட்டுக்கு வந்ததும் இரண்டு கோப்பை சோறு சாப்பிடுவாள். ஆகவே வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

நான்காவது கிழமை இங்கர் கூப்பிட்டார். சின்னக் கதிரைகள் போட்ட அறை. மேசையில் ஒரு படிவம்.

"உணவைத் தொடுவதிலோ விழுங்குவதிலோ அவளுக்கு ஏதும் சிரமம் இருக்கலாம்" என்றார் இங்கர். "நகரசபை ஆலோசகர் ஒருவர் வந்து பார்க்கட்டும். அதற்கு உங்கள் கையெழுத்து வேண்டும். அதுவரை மதியச் சாப்பாட்டுக்கு முன் நீங்கள் வந்து கூட்டிப் போனால் பிள்ளைக்கு லேசாக இருக்கும்."

"வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிறாள். நாங்கள் தீத்துகிறோம்" என்றேன். தீத்துவதற்கு, வாயில் ஊட்டிவிடுவதற்கு, நான் அறிந்திருந்த நோர்வேஜியச் சொல்லை இவர்கள் கைக்குழந்தைக்கும் குருவிக் குஞ்சுக்கும்தான் சொல்வார்கள் என்பது, இங்கரின் புருவம் உயர்ந்தபோதுதான் தெரிந்தது.

அடுத்த மாதம் தொழிற்சாலையில் புதிய இயந்திரத்துக்கு என்னைப் பொறுப்பாக்க இருந்தார்கள். முழுநாள் பயிற்சி, இரண்டு மாதம். பதினொரு மணிக்குப் பிள்ளையைக் கூட்ட வருகிறவளுக்கு அந்த வேலை கிடைக்காது. அதைவிட அந்தப் படிவத்தில் 'வயதுக்குரிய செயல்கள்' என்ற பெட்டி என் கண்ணைவிட்டுப் போகவில்லை. என் பட்டியலின் ஐந்து வரியில் ஒன்றுகூட அந்தப் பெட்டிக்குள் வராது.

"இரண்டு கிழமை தாருங்கள்" என்று கேட்டேன்.

"சரி. ஆனால் முதலில் ஒரு நாள் வந்து, அவள் சாப்பிடும் நேரத்தில் பாருங்கள்" என்றார் இங்கர்.

ஊரில் அம்மாவிடம் சொன்னோம். அவர் தொலைபேசியை வைப்பதற்கு முன்பே மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டார்.

4

சமையலறைக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஆறு பிள்ளைகள், ஒரு மேசை, ஒரு முனையில் இங்கர். எல்லோருக்கும் மீன் வடை. மற்றப் பிள்ளைகள் முள்ளுக்கரண்டியால் குத்தி வாயில் போடுகிறார்கள். ஜெமி வடையைப் பிரித்தாள். விரலால் ஒவ்வொரு துண்டாக அழுத்தினாள். பிறகு தட்டை இரண்டு கையாலும் பிடித்து இங்கருக்கு முன்னால் தள்ளி வைத்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

இங்கர் சிரித்தார். "உன்னுடையதுதான், சாப்பிடு" என்று தட்டைத் திருப்பித் தள்ளினார்.

ஜெமி கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். அன்றைய சாப்பாடு முடிந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இதை வாசிக்கிற வங்காலைப் பெற்றாருக்கும் விளங்கியிருக்கும்.

கடற்கரை ஊர்ப் பிள்ளை நாங்கள் சொல்லாமல் மீனை வாயில் வைக்காது. பெரியவர் ஒருவர் துண்டைப் பிரித்து, விரல் நுனியால் அழுத்தி, "முள் இல்லை, சாப்பிடு" என்று சொல்ல வேண்டும். நான் அப்படித்தான் வளர்ந்தேன். ஆறு வயதில் ஒருநாள் பொறுமையில்லாமல் நானே எடுத்துச் சாப்பிட்டேன். தொண்டையில் முள். சோற்றுருண்டை விழுங்கினேன், வாழைப்பழம் விழுங்கினேன், போகவில்லை. மன்னார் ஆஸ்பத்திரிக்கு அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். எந்தக் காற்றிலும் தோணி இறக்குகிற மனுசன் அன்று வழியெல்லாம் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினார். அதற்குப் பிறகு பத்து வயது வரை எனக்கு முள் பார்த்தவர் அவர்தான்.

நோர்வேயிலும் எங்களுக்கு அதே வழக்கம்தான். ஜெமி வாயைத் திறக்குமுன் கேட்பாள்: "முள்ளுப் பாத்தாச்சோ?" நானோ அன்ரனோ "ஓம், பாத்தாச்சு" என்போம். அதன்பிறகுதான் வாய் திறக்கும். இங்கரிடம் அவள் எதிர்பார்த்தது அந்த ஒரு பதிலைத்தான். மீனை அரைத்துச் செய்த வடையில் முள் இராது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

இங்கரிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார். "மூன்று கிழமையாக என்னிடம் கேட்டிருக்கிறாள். நான் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்" என்றார்.

"இனி நீங்கள் உங்கள் மொழியில் 'முள் இல்லை' என்று சொன்னால் போதும். சாப்பிடுவாள்" என்றேன்.

இங்கர் கொஞ்சம் யோசித்தார். "சொல்லலாம். ஆனால் நான் இல்லாத நாளில் யார் சொல்வது?"

5

என் வேலை இதுதான்: வெட்டிய மீன் ஓடும் பட்டியில் வரிசையாக வரும், மேலே ஓர் எக்ஸ்ரே இயந்திரம் அதில் முள் இருக்கிறதா என்று பார்க்கும். இயந்திரம் சரியாகப் பார்க்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். அதற்காக, முள் வைத்த சோதனைத் துண்டு ஒன்றை இடைக்கிடை பட்டியில் விடுவேன். பிடித்தால் வேலை தொடரும். தவறவிட்டால் பட்டியை நிறுத்துவேன். முள் இல்லாத மீனை நாள் முழுக்க விட்டாலும் இயந்திரம் நல்லதா கெட்டதா என்று தெரியவராது.

அன்றிரவுச் சாப்பாட்டில் அன்ரனிடம் சொன்னேன்: "ஜெமிக்கு முள்ளோட மீன் குடுக்கப் போறன்."

"உமக்கென்ன விசரே?"

"அவளாப் பாக்கப் பழகோணும்."

"நாலு வயசுப் பிள்ளை! நீர் மறந்தாலும் உம்மட அப்பா அந்த மோட்டச்சைக்கிள் ஓட்டத்தை மறக்கேல்லை. இப்பவும் எனக்குச் சொல்லுறவர்."

"அதுக்காகப் பத்து வயசு மட்டும் கூடவே போய் முள்ளுப் பாப்பமோ?"

"பாத்தா என்ன? கை தேஞ்சிடுமோ?"

இருவரும் சரி என்பதால் சண்டை முடியவில்லை. அடுத்த நாள், அவள் வாயில் வைக்குமுன் நானும் ஒருமுறை பார்ப்பேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஓர் அட்டவணை ஒட்டினேன். கை கழுவுதல், துண்டைப் பிரித்தல், அழுத்திப் பார்த்தல், முள்ளை ஓரம் வைத்தல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளி நட்சத்திரம். முதல் நாள் நான்கு நட்சத்திரம். இரண்டாம் நாள் ஜெமி கதிரையில் ஏறும்போதே கையை நீட்டினாள்: "முதல்ல ஸ்ரார் தாங்கோ. பிறகு பாக்கிறன்." மூன்றாம் நாள், "எனக்கு ஸ்ரார் வேண்டாம், நீங்களே பாருங்கோ" என்று வாயைத் திறந்துகொண்டு இருந்தாள். இரண்டு கிழமையில் நான்கு நாட்கள் போய்விட்டன.

6

மெற்றில்டாவை அழைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அட்டவணையோ? உன்ர பிள்ளை என்ன மெசினோடி?"

"சிரிக்காதை. நீ ரீச்சர்தானே, சொல்லு."

"ஏன் பிள்ளை முள்ளுப் பாக்கோணும்? நீ இருக்கிறாய்தானே பாக்க. அவளுக்கு அது வேலையில்லை, நீ வைக்கிற சோதினை. வேலையாக் குடு."

"எப்பிடி?"

"அவளின்ர தட்டை விடு. உன்ர தட்டைக் குடு. அம்மாக்குக் கண் தெரியேல்லை, முள்ளு இருக்கோ எண்டு பார் எண்டு குடு. இங்க நான் பிள்ளையளை வரிசையில நில் எண்டு கத்தினா ஒருத்தரும் நிக்காயினம். வாளியைக் குடுத்து, எல்லாருக்கும் கை கழுவத் தண்ணி ஊத்து எண்டு ஒரு பிள்ளையட்டைச் சொன்னா, அந்தப் பிள்ளையே மற்றவையை வரிசையாக்கும். இதைச் சொன்னாத்தான் எங்கட பெற்றார் தண்ணிக்கை விளையாடுகினம் எண்டு சண்டைக்கு வருகினம்."

அன்ரன் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அதெண்டா எனக்குச் சம்மதம்" என்றார். "உம்மட மீன்தானே. தொண்டையில குத்தினா உமக்குத்தானே குத்தும்."

7

சால்மனில் தொடங்கினோம். அதன் முள் தடித்தது, ஒரே வரிசையில் நிற்பது. விரலுக்கு இலகுவில் அகப்படும். பொரித்த துண்டைத் தட்டில் வைத்து ஜெமியின் முன்னால் தள்ளினேன்.

"அம்மான்ர மீன். முள்ளுப் பாத்துத் தாங்கோ."

என் முகத்தைப் பார்த்தாள். பகிடியா என்று சந்தேகம். பிறகு விரலை வைத்தாள். நான் அழுத்துவது போலவே, தலையைச் சரித்து, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு அழுத்தினாள். அப்படிப் பார்ப்பது என் பழக்கம் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

"இருக்கு!" கதிரையிலிருந்து துள்ளினாள். "அம்மா, உங்களுக்குக் குத்தியிருக்கும்!"

முதல் மீனுக்கு முப்பத்தைந்து நிமிடம் எடுத்தது. என் சோறு ஆறிப்போனது. ஒன்பது முள் பிடித்தாள். அவற்றைத் தட்டின் விளிம்பில் பெரிது சிறிதாக அடுக்கி, எண்ணி, "இது அப்பா முள், இது குட்டி முள்" என்று பெயரும் வைத்தாள். நூறு வரை எண்ணத் தெரிந்த பிள்ளை, ஏதோ ஒன்றை உண்மையாக எண்ணியதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் அவள் எண்ணியது பாட்டுப் போல.

அவள் விட்ட முள் இரண்டை நான் சாப்பிடும்போது கண்டுபிடித்தேன். திட்டவில்லை, திருத்தவில்லை. வாயிலிருந்து எடுத்து அந்த வரிசையின் கடைசியில் வைத்தேன். ஜெமி அவற்றை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் அழுத்துவதோடு நிற்காமல் துண்டைப் புரட்டியும் பார்த்தாள்.

நான் பேச வேண்டியிருந்தது குறைவு. சும்மா இருக்க வேண்டியிருந்ததுதான் கூட. சும்மா இருப்பது எனக்குக் கடினமான வேலை. கையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் அன்ரன் பசியோடு வந்தார். கை கழுவிவிட்டு மீனை எடுத்தார்.

"அப்பா! சாப்பிடாதேங்கோ! நான் இன்னும் பாக்கேல்லை."

"அம்மாச்சி, அப்பாக்குப் பசிக்குது."

"பொறுங்கோ. குத்தினா ஆஸ்பத்திரிக்குப் போகோணும். மோட்டச்சைக்கிள் இல்லை எங்களிட்ட."

அரிப்புக் கடலில் பிறந்து வளர்ந்த மனுசன், நான்கு வயது மகள் முள் பார்த்து முடிக்கும்வரை கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். பார்த்து முடித்ததும் அவளே ஒரு துண்டை அவர் வாயில் வைத்தாள். அடுத்த துண்டைத் தன் வாயில் வைத்தாள். யாரிடமும் கேட்கவில்லை. அன்ரன் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் கண்ணால் அடக்கினேன். ஒருவரும் கைதட்டவில்லை.

8

இரண்டு கிழமை முடிகிற வெள்ளிக்கிழமை. நான்கு மணிக்குப் போனேன். படிவம் என் கைப்பையில், இன்னும் வெறுமையாக. இங்கர் வாசலில் என்னைக் கண்டதும் அவசரமாக வந்தார். முகத்தில் சிரிப்பா கவலையா என்று பிரிக்க முடியவில்லை.

"இன்று மீன் வடை" என்றார்.

"சாப்பிட்டாளா?"

"இருங்கள், சொல்கிறேன். வடையைப் பிரித்தாள். அழுத்தினாள். நான் தயாராக இருந்தேன், தட்டு என்னிடம் வரும் என்று. வரவில்லை. தானே ஏதோ சொல்லிக்கொண்டு சாப்பிட்டாள். முழுவதும்."

படிவத்தை எடுக்கக் கைப்பையைத் திறந்தேன்.

"இன்னும் முடியவில்லை" என்றார் இங்கர். "பிறகு எழுந்து பக்கத்துப் பிள்ளையின் தட்டுக்குப் போனாள். அதையும் அழுத்தினாள். அடுத்த தட்டு, அதற்கடுத்த தட்டு. நான் நிறுத்தப் போனேன். ஆனால் பிள்ளைகள் நிறுத்த விடவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஒன்றைச் சொல்கிறாள், அவர்கள் சாப்பிடுகிறார்கள். அது என்ன? 'மு... முல்-இல்லே'?"

"முள் இல்லை" என்றேன்.

"முள் இல்லை" என்றார் இங்கர், இரண்டாம் தடவை ஓரளவு சரியாக. "என் தட்டுக்குக் கடைசியாகத்தான் வந்தாள். நானும் காத்திருந்தேன்."

படிவத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அதை இரண்டாக மடித்து, பிள்ளைகள் படம் கீறும் தாள்களின் பெட்டியில் போட்டார்.

அம்மாவிடம் சொன்னபோது, நேர்த்தி பலித்தது என்றார். நான் மறுக்கவில்லை. ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போய் எங்கள் சார்பில் மெழுகுதிரி கொளுத்தச் சொன்னேன்.

9

மெற்றில்டா, கூட்டத்தில் இதையும் வாசி.

வீட்டுப்பாடம் கேட்கிற பெற்றாரே, வீட்டுப்பாடம் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. சமையலறையில், கிணற்றடியில், வலை காயும் இடத்தில். பிள்ளை செய்தால் உங்களுக்கு உண்மையாகவே உதவும் ஒரு வேலையைக் கொடுங்கள். பொய் வேலை கொடுத்தால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். வெங்காயத்தைப் பெரிது சிறிதாகப் பிரிக்கட்டும், செருப்பைச் சோடி சேர்க்கட்டும், குடத்தில் தண்ணீர் ஊற்றட்டும். சிந்தும். செய்யும்போது அதன் பெயர்களை எங்கள் தமிழிலேயே சொல்லுங்கள். வீட்டில் உங்கள் மொழியிலேயே பேசுங்கள் என்று இங்கரும் பிறகு என்னிடம் கேட்டுக்கொண்டார். எழுத்தும் எண்ணும் அவசியம்தான். ஜெமி இப்போது பன்னிரண்டு உயிரெழுத்தும் எழுதுகிறாள். ஆனால் பென்சிலைப் பிடிக்கிற விரல்களுக்குப் பலம் வந்தது முள் பார்த்து. மெற்றில்டா மண்ணையும் தண்ணீரையும் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றால், அவர் சும்மா நிற்கவில்லை. தன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும்.

புதிய இயந்திரத்தின் பயிற்சியை அப்போதே முடித்து, இப்போது அதற்குப் பொறுப்பாக இருக்கிறேன். இன்று காலை சோதனைத் துண்டை விட்டேன், பிடித்தது.

மாலையில் சோறும் மீனும். இம்முறை சூடை போல முள் நிறைந்த ஒரு மீன். வேலை அலுப்பில், பழக்கத்தில், என் கை ஜெமியின் தட்டுக்குப் போனது. அவள் தன் உள்ளங்கையால் தட்டை மூடினாள்.

"நான் பாத்திட்டன், அம்மா. உங்கட தட்டையும் பாத்திட்டன். சாப்பிடுங்கோ."

கையை எடுத்து என் தட்டில் வைத்தேன். ஐந்து வருடங்களில் முதல் தடவையாக, சோறு சூடாக இருந்தது.